சாவி தப்பினால் சத்தம் வராது!

இந்த முறை விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கே மொத்த இடமும். எல்லாரும் கேட்டிருப்பது ஒரே விஷயம்: புள்ளியியல் வேலைக்கான ஆர் மொழியில் சாவி–மதிப்பு ஜோடிகளை லிஸ்டில் எப்படி வைப்பது, எப்படி எடுப்பது, எங்கே வழுக்கும்?

● சாவி–மதிப்பு ஜோடி என்றால் என்ன? ஒரே ஓர் உதாரணத்தில் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

முடியும். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டரில் ராகு காலம் பாருங்கள். ஞாயிறு 4.30–6.00, திங்கள் 7.30–9.00, செவ்வாய் 3.00–4.30, புதன் 12.00–1.30, வியாழன் 1.30–3.00, வெள்ளி 10.30–12.00, சனி 9.00–10.30. கிழமைதான் சாவி, நேரம்தான் மதிப்பு. கிழமையைச் சொன்னால் நேரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆரில் லிஸ்ட் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு மதிப்புக்கும் இடப்பக்கம் ஒரு பெயர் வைத்துவிட்டால் ஜோடி தயார். அந்தப் பெயர்களை மட்டும் பார்க்க வேண்டுமானால் நேம்ஸ் என்ற கட்டளை.

● பைத்தானில் இதற்கென்றே டிக்ஷனரி இருக்கிறது. ஆரில் ஏன் இல்லை?
– கணினி ஆசிரியர், அருப்புக்கோட்டை

ஆர் பிறந்த வீடு அப்படி. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடன் இருந்தவர்களும் எஸ் என்ற மொழியைத் தொடங்கினார்கள். அதன் வழியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியதுதான் ஆர். 1.0.0 பதிப்பு வெளியானது 2000 பிப்ரவரி 29 அன்று. தரவை வரிசையாக அடுக்கிக் கணக்குப் போடுவதுதான் புள்ளியியலாருக்கு முதல் தேவை. அதனால் ஆரில் எல்லாமே வரிசை; பெயர் என்பது அந்த வரிசைமேல் ஒட்டிய சீட்டு. டிக்ஷனரியில் சாவி இல்லாமல் மதிப்பு இருக்க முடியாது. ஆர் லிஸ்டில் பெயரே இல்லாத மதிப்பும் இருக்கலாம், ஒரே பெயர் இரண்டு முறையும் வரலாம். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

● ஒற்றைச் சதுர அடைப்பு, இரட்டைச் சதுர அடைப்பு: எதை எப்போது போடுவது?
– முதலாமாண்டு மாணவர், சாத்தூர்

பட்டாசு கிஃப்ட் பாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். விலை["புஸ்வாணம்"] என்று ஒற்றை அடைப்பில் கேட்டால் புஸ்வாணம் அட்டைப்பெட்டியோடு வரும். அதாவது ஒரே உருப்படி உள்ள ஒரு குட்டி லிஸ்ட். விலை[["புஸ்வாணம்"]] என்று இரட்டை அடைப்பில் கேட்டால் பெட்டிக்குள் இருப்பது மட்டும் கைக்கு வரும். அதாவது விலை எண். பெட்டியை இரண்டால் பெருக்க முடியாது. ஒற்றை அடைப்பில் எடுத்ததைப் பெருக்கப் போனால் ஆர் மறுத்துவிடும். பல சாவிகளை ஒரே நேரத்தில் எடுக்க ஒற்றை, ஒன்றை எடுத்துக் கணக்குப் போட இரட்டை.

● ராகு கால லிஸ்டில் 'செவ்வாய்க்கிழமை', 'திங்கட்கிழமை' என்று முழுப் பெயர்களைச் சாவியாக வைத்தேன். டாலர் குறி போட்டு வெறும் 'செவ்வாய்' என்று கேட்டேன், சரியாக வந்தது. 'வியாழன்' என்று கேட்டால் நல் (NULL, அதாவது ஒன்றுமில்லை) என்கிறதே?
– அச்சகத்தில் பக்க வடிவமைப்பவர், சிவகாசி

அருமையான கண்டுபிடிப்பு! டாலர் குறிக்கு ஒரு பழக்கம் உண்டு. நீங்கள் கொடுத்தது முழுச் சாவியாக இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு சாவியின் தொடக்கமாக இருந்து, அப்படித் தொடங்கும் சாவி ஒன்றே ஒன்றாகவும் இருந்தால், அதையே கேட்டதாக எடுத்துக்கொள்ளும். 'செவ்வாய்க்கிழமை' என்பதன் தொடக்கத்தில் 'செவ்வாய்' அப்படியே இருக்கிறது. புதன், வெள்ளி, சனி மூன்றும் அப்படித்தான். ஆனால் வியாழன் 'வியாழக்கிழமை' ஆகும்போது ன் விழுந்துவிடுகிறது. திங்கள் 'திங்கட்கிழமை'யில் ள் மாறி ட் ஆகிறது. ஞாயிறு 'ஞாயிற்றுக்கிழமை'யில் ற் இரட்டிக்கிறது. ஆக நான்கு நாள் வேலை செய்யும், மூன்று நாள் நல். புணர்ச்சி விதி தெரியாத கணினிக்கு எழுத்து ஒத்தால்தான் ஒத்தது.

இதில் ஆபத்து என்ன தெரியுமா? நிரலை ஒரு செவ்வாய்க்கிழமை எழுதிச் சோதித்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். தவறு வியாழக்கிழமை வெளிவரும். ஆகவே டாலர் குறியை விட்டுவிட்டு இரட்டை அடைப்புக்கு மாறுங்கள். அது முழுப் பெயர் பொருந்தினால்தான் மதிப்பைத் தரும். செவ்வாயன்றே உங்கள் தவறு தெரிந்திருக்கும். டாலரை விட மனமில்லை என்றால், வார்ன்-பார்ஷியல்-மேட்ச்-டாலர் என்ற அமைப்பை ஆப்ஷன்ஸில் இயக்கிவிடுங்கள். அரைகுறைப் பெயரை ஏற்கும்போதெல்லாம் ஆர் எச்சரிக்கும்.

● தீபாவளி ஆர்டருக்கு பில் போடும் நிரல் எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் தொகை குறைகிறது. எங்கே போகிறது பணம்?
– பட்டாசுக் கடைக்காரர், சாத்தூர் சாலை, சிவகாசி

நல்-லுக்குள் போகிறது. சங்குசக்கரம் 90, புஸ்வாணம் 110, கம்பி மத்தாப்பு 60 என்று உங்கள் லிஸ்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 வர வேண்டும். ஆர்டரில் 'கம்பிமத்தாப்பு' என்று இடைவெளி இல்லாமல் தட்டியிருந்தால், லிஸ்டில் அந்தப் பெயர் இல்லை. ஆர் கோபப்படாது, நல் என்ற வெறுமையைக் கொடுக்கும். அதை மற்ற விலைகளோடு சேர்த்தால் இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். கூட்டினால் 200. மத்தாப்பு போகிறது, காசு வரவில்லை.

மருந்து ஒன்றே: எடுப்பதற்கு முன் அந்தப் பெயர் நேம்ஸில் இருக்கிறதா என்று, சதவீதக் குறிகளுக்கு நடுவே வரும் %இன்% கொண்டு கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டாப் கட்டளையால் நிரலை அங்கேயே நிறுத்தி, எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று திரையில் காட்டுங்கள். சின்ன ஃபங்ஷனாக ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, லிஸ்டிலிருந்து எதை எடுத்தாலும் அதன் வழியாகவே எடுங்கள்.

● வெறும் விலை மட்டும்தான் என்றால் லிஸ்ட் எதற்கு?
– அதே கடைக்காரர்

வேண்டாம். மதிப்பு எல்லாம் எண்ணாகவே இருந்தால் பெயரிட்ட வெக்டர் போதும், அதுதான் பாதுகாப்பும்கூட. இல்லாத பெயரை ஒற்றை அடைப்பில் கேட்டால் என்.ஏ. (NA, மதிப்பு இல்லை என்ற குறி) வரும், கூட்டுத்தொகையும் என்.ஏ. ஆகி உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும். இரட்டை அடைப்பில் கேட்டாலோ பிழைச் செய்தியோடு நிரலே நின்றுவிடும். இன்னொரு லாபம்: ஆர்டரில் உள்ள நாற்பது பெயர்களையும் மொத்தமாகக் கொடுத்தால் நாற்பது விலையும் ஒரே வரியில் வந்துவிடும். சுற்றிச் சுற்றி லூப் எழுத வேண்டாம்.

● ஊர்ப் பெயரை பின்கோடு வழியாக எடுக்க லிஸ்ட் செய்தேன். ஒரே ஓர் ஊரைத்தான் போட்டேன். லிஸ்டின் நீளம் 6,26,123 என்கிறது! பேய் பிடித்துவிட்டதா?
– கூரியர் அலுவலக ஊழியர், சிவகாசி

பேய் இல்லை, மேற்கோள் குறி இல்லை! 626123 என்று வெறும் எண்ணாகக் கொடுத்தால் ஆர் அதைச் சாவியாகப் பார்க்காது. '6,26,123-ஆவது இடம்' என்று புரிந்துகொள்ளும். சிவகாசியை அந்த இடத்தில் உட்காரவைக்க, முன்னால் 6,26,122 காலி இடங்களைப் போட்டு வைத்திருக்கிறது. அதற்கே 5 எம்.பி. நினைவகம். "626123" என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். நீளம் 1 ஆகிவிடும். விருதுநகர் "626001", ராஜபாளையம் "626117", சாத்தூர் "626203" என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

எஸ்.டி.டி. எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. விருதுநகரின் 04562-ஐ எண்ணாகத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்து 4562 ஆகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல, எழுத்து. பின்கோடு, தொலைபேசி எண், டோக்கன் எண், உரிம எண் எல்லாமே மேற்கோளுக்குள்தான் இருக்க வேண்டும்.

● டோக்கன் எண்படி கூலி லிஸ்ட் வைத்திருக்கிறோம். வேலையை விட்டுப் போன ஒருவரை நீக்கியதும் மற்றவர்களின் கூலி மாறிவிட்டது. ஏன்?
– கணக்கர், தீப்பெட்டி ஆலை, சாத்தூர் வட்டம்

ஒரு சாவிக்கு நல்-லைக் கொடுத்தால் ஆர் அந்த உருப்படியையே அகற்றிவிடும். பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஓர் இடம் முன்னே நகர்வார்கள். மூன்றாம் டோக்கன்காரரை நீக்கிய பிறகு கூலி[[7]] என்று கேட்டால் வருவது எட்டாம் டோக்கன்காரரின் கூலி. கூலி[["7"]] என்று மேற்கோளோடு எழுதியிருந்தால் யார் போனாலும் வந்தாலும் ஏழாம் டோக்கன் ஏழாம் டோக்கன்தான்.

தீப்பெட்டி ஆலையில் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து ஒட்டிய குரோஸ் கணக்கு இன்னொருவர் பெயரில் ஏறினால் அது கணினிப் பிழையோடு முடிகிற விஷயமில்லை, ஒரு வீட்டின் அடுப்பு. தயவுசெய்து இன்றைக்கே திருத்துங்கள். பழைய மாதக் கணக்குகளையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

● நிறத்துக்கான ரசாயன லிஸ்டில் பேரியத்தை நீக்கிவிடலாமா? அதுதான் தடையாயிற்றே?
– வேதியியல் பட்டதாரி, திருத்தங்கல்

நீக்காதீர்கள். ஸ்ட்ரோன்டியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம், சோடியம் மஞ்சள் என்று உங்கள் லிஸ்ட் இருக்கும். பச்சை உப்பு என்று நம் பகுதியில் சொல்லும் பேரியம் நைட்ரேட் உட்பட பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. 2021-ல் மீண்டும் வலியுறுத்தியது. அதனால் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நாளை ஒருவர் பேரியத்தைக் கேட்பார், நல் வரும். 'இதைப் பற்றித் தகவல் இல்லை' என்பதும் 'இது கூடாது' என்பதும் ஒரே வெறுமையாகத் தெரியும். இரண்டும் ஒன்றல்லவே! மதிப்பின் இடத்தில் நிறம், நிலை என்று இரண்டு உருப்படி உள்ள ஓர் உள்-லிஸ்டை வையுங்கள். பேரியத்தின் நிலை 'தடை' என்று பளிச்சென இருக்கட்டும்.

ஒருவேளை சாவி இருக்க வேண்டும், மதிப்பு மட்டும் இன்னும் வரவில்லை என்றால் என்.ஏ. போடுங்கள். நல் போட்டால் சாவியும் சேர்ந்து போய்விடும்.

● லிஸ்டுக்குள் எண், எழுத்து தவிர வேறு என்ன வைக்கலாம்?
– முதுகலை மாணவர், ராஜபாளையம்

எதை வேண்டுமானாலும், ஃபங்ஷனைக்கூட! நம் ஊர்ச் சட்டத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் தனி வெடியின் சத்தம் ஏ.ஐ. அளவீட்டில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரவெடியில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் இந்த வரம்பு இன்னும் குறையும்: கோர்த்த வெடிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடிமான லாகரிதம் எடுத்து, 5-ஆல் பெருக்கி, 125-லிருந்து கழிக்க வேண்டும். 100 வெடி என்றால் லாகரிதம் 2, கழிப்பது 10, வரம்பு 115. ஆயிரம் வெடி என்றால் 110.

இப்போது 'வரம்பு' என்று ஒரு லிஸ்ட். "தனி வெடி" என்ற சாவிக்கு 125 என்ற எண். "சரவெடி" என்ற சாவிக்கு எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு வரம்பைச் சொல்லும் ஃபங்ஷன். வரம்பு[["சரவெடி"]](100) என்று கேட்டால் 115 வரும். வெக்டரால் இது முடியாது. லிஸ்டின் பெருமை இங்கேதான். சரவெடிக்கே 2018 தீர்ப்பு தடை போட்டுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பழைய ஒலி அளவுகளை ஆராய்கிறவருக்குத்தான் இப்போது இந்தச் சூத்திரம் உதவும்.

● ஒரே பெயரில் இரண்டு ஆலைகள். ஒன்றின் விவரம் மட்டுமே வருகிறது.
– ஆய்வு மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

இரண்டுமே லிஸ்டில் இருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் முதலில் நிற்பதை மட்டும்தான் ஆர் தரும். கடவுள் பெயரிலும் குடும்பப் பெயரிலும் ஆலைகள் நிறைந்த பகுதி இது. இங்கே ஆலைப் பெயரைச் சாவியாக்குவது சரிப்படாது. உரிம எண்ணைச் சாவியாக்கிப் பெயரை உள்ளே வையுங்கள். லிஸ்ட் முடிந்ததும் நேம்ஸின்மீது எனி-டூப்ளிகேட்டட் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் எல்லாம் தனித்தனி. வேறு எண் வந்தால் அத்தனையாவது இடத்தில் முதல் இரட்டைப் பெயர் இருக்கிறது.

● தமிழில் சாவி வைக்கலாமா? என் நண்பனின் கணினியில் எழுத்துக்குப் பதில் ஏதோ குறியீடுகள் தெரிகின்றன.
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

தாராளமாக வைக்கலாம். நண்பரிடம் விண்டோஸில் பழைய ஆர் இருக்கும். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து புதிய விண்டோஸ் கணினிகளில் ஆர் யூ.டி.எஃப்-8 முறையிலேயே இயங்குகிறது. அதற்கு மேம்படுத்தச் சொல்லுங்கள், காசு கிடையாது. தமிழ்ச் சாவியை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

● என் லிஸ்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன். கேட்டால் நல் என்கிறது!
– பால்கோவா மொத்த வியாபாரியின் மகன், ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் கண்ணையும் குறை சொல்ல முடியாது, ஆரையும் குறை சொல்ல முடியாது. 'ஸ்ரீ'யைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸ-வில் தொடங்கும். இன்னொன்று 2005-ல் யூனிகோடின் 4.1 பதிப்பில் சேர்ந்த ஶ-வில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். சாவியை யூ.டி.எஃப்-8-டு-இன்ட் என்ற கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் எண் 3000 என்றால் ஸ. 2998 என்றால் ஶ. கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்.

'பொட்டு வெடி'யிலும் இதே கண்ணாமூச்சி உண்டு. பொ என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியாக 3018 என்று இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக 3014, 3006 என்று இருக்கலாம். இந்த இரண்டாவது வகையை ஸ்ட்ரிங்ஐ தொகுப்பின் என்.எஃப்.சி. மாற்றம் தானாகச் சரிசெய்துவிடும். ஸ்ரீயை அது தொடாது, ஏனென்றால் ஸ, ஶ இரண்டும் வேறு எழுத்துகள். அதை நீங்களே தேடி மாற்றி ஒரே வகையாக்க வேண்டும். கூடவே முன்பின் இடைவெளிகளை டிரிம்-டபிள்யூ-எஸ் கொண்டு வெட்டுங்கள். 'ராஜபாளையம்', 'இராஜபாளையம்' என்று இரண்டு வழக்கு இருந்தால் ஒன்றை முடிவுசெய்யுங்கள். சாவிகளை இப்படிக் கழுவித் துடைத்த பிறகே லிஸ்டில் ஏற்ற வேண்டும்.

● எந்தப் பட்டாசு எத்தனை முறை ஆர்டர் ஆனது என்று லிஸ்டில் எண்ணுகிறேன். எல்லா இடத்திலும் நீளம் பூஜ்யம்.
– கல்லூரி மாணவர், சிவகாசி

முதல் முறை அந்தச் சாவி லிஸ்டில் இல்லை, வருவது நல். நல்-லோடு ஒன்றைக் கூட்டினால் ஒன்று வராது, நீளமே இல்லாத வெற்று எண் வரும். பிறகு எத்தனை முறை கூட்டினாலும் வெறுமைதான். இதற்காக நீங்கள் லிஸ்டே கட்ட வேண்டாம்; டேபிள் என்ற கட்டளை பெயர்களை வாங்கி எண்ணிக்கையைத் தந்துவிடும். ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டுமானால் ஸ்பிளிட் போடுங்கள். ஊர்ப் பெயர்களே சாவியாக அமைந்த லிஸ்ட் தானாக வந்து நிற்கும்.

● ஒரே பொருளுக்கு மூன்று அளவு, மூன்று விலை. லிஸ்டை அன்லிஸ்ட் செய்தால் பெயர்கள் மாறுகின்றனவே?
– விலைப்பட்டியல் தயாரிப்பவர், சிவகாசி

ஆமாம். "கம்பி மத்தாப்பு" என்ற சாவிக்குள் 10, 12, 15 செ.மீ. விலைகளை வைத்து அன்லிஸ்ட் செய்தால் 'கம்பி மத்தாப்பு1', 'கம்பி மத்தாப்பு2', 'கம்பி மத்தாப்பு3' என்று எண் ஒட்டிவிடும். அதற்குப் பதில் ஸ்டாக் கட்டளையைப் பயன்படுத்துங்கள்; ஒரு பத்தியில் விலை, பக்கத்துப் பத்தியில் பெயர் என்று டேட்டா ஃப்ரேம் கிடைக்கும். பொருள், அளவு, விலை, தள்ளுபடி என்று பத்திகள் பெருகினால் நேராக டேட்டா ஃப்ரேமிலேயே தொடங்குங்கள். அதுவும் ஒரு லிஸ்ட்தான்: பத்தியின் பெயர் சாவி, பத்தி முழுவதும் மதிப்பு, எல்லாப் பத்தியும் ஒரே நீளம்.

● லிஸ்டை விட என்விரான்மென்ட் வேகமாமே?
– மென்பொருள் பணியாளர், சொந்த ஊர் விருதுநகர்

சாவி லட்சக்கணக்கில் என்றால் ஆம். லிஸ்டில் பெயரை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். என்விரான்மென்ட் ஹாஷ் முறையில் நேராகப் போய் எடுக்கும். ஒரே பெயர் இருமுறை வரவும் அது விடாது. ஆனால் அதில் வரிசை கிடையாது. நீங்கள் போட்ட ஒழுங்கில் திரும்பக் கிடைக்காது. இன்னொன்று: ஃபங்ஷனுக்குள் லிஸ்டை மாற்றினால் வெளியே உள்ள மூலம் மாறாது, என்விரான்மென்டை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். இருநூறு பெயர் உள்ள விலைப்பட்டியலுக்கு லிஸ்ட் தாராளமாகப் போதும். அங்கே வேகத்தை விட வரிசை எண் முக்கியம்.

● எந்த ரசாயனத்தோடு எது சேரக் கூடாது என்று ஒரு லிஸ்ட் செய்து, ஆலை போர்மேன்களுக்குக் கொடுக்க ஆசை. வழி சொல்லுங்கள்.
– ரசாயனப் பொறியியல் மாணவி, சிவகாசி

நல்ல ஆசை. இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வியும் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்த கலவை சிறு உராய்விலேயே பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. இதை லிஸ்டில் போடுகிறீர்கள்: சாவி "பொட்டாசியம் குளோரேட்", மதிப்பு "கந்தகம்". ஒருவர் குளோரேட்டைக் கேட்டால் கந்தகம் என்று எச்சரிக்கிறது. இன்னொருவர் கந்தகத்தைக் கேட்கிறார். அந்தச் சாவி இல்லை. நல் வருகிறது. 'எதுவும் சொல்லவில்லை, ஆக ஆபத்தில்லை' என்று அவர் படித்துக்கொண்டால்? லிஸ்ட் ஒருவழிப் பாதை, ஆபத்து இருவழி.

அதனால் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே சாவியாக்குங்கள். முதலில் இரண்டையும் சார்ட் கட்டளையால் அகர வரிசையில் நிறுத்துங்கள். பிறகு பேஸ்ட் கட்டளையால் நடுவில் ஒரு கோடு போட்டு இணையுங்கள். எந்தப் பெயரை முதலில் சொன்னாலும் ஒரே சாவிதான் உருவாகும். சார்ட்டுக்கு ரேடிக்ஸ் முறை என்று குறிப்பிட்டால் கணினிக்குக் கணினி வரிசை மாறாது. சோதிக்கும்போது ஒவ்வொரு ஜோடியையும் இரு திசையிலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, அதைவிட முக்கியமானது. பதில் மூன்று வகையாக இருக்க வேண்டும்: 'சேரக் கூடாது', 'சேரலாம்', 'இந்த ஜோடி பட்டியலில் இல்லை, தொடாதீர்கள், கேளுங்கள்'. மூன்றாவதைச் சிவப்பில் காட்டுங்கள். அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரத்தில் தானே சூடேறும் என்பதால் 'தண்ணீர்' என்பதையும் ஒரு பெயராகச் சேர்க்க மறக்காதீர்கள். பட்டியலை நீங்களாக முடிவுசெய்யாமல், துறை அறிந்த வேதியியலாளரிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் வரிக்கு வரி சரிபார்த்து வாங்குங்கள். மருந்து அறையில் கைபேசிக்கே இடமில்லை. ஆகவே திரையில் காட்டுவதோடு நிற்காமல் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டும்படி கொடுங்கள். அச்சுக்கு உங்கள் ஊரில் பஞ்சமா?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே நாளில் போயின. ஒரு லிஸ்ட் அதையெல்லாம் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்த ஆபத்தைத் தெளிவாக எழுதி வைப்பது தெரிந்தவர்களின் கடமை என்று மட்டும் சொல்வேன்.

● கடைசியாக ஒரு கேள்வி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் தெரிந்த ஊருக்கு ஆர் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்தங்கல்

ஐயா, இந்த ஊருக்குத் தீப்பெட்டியே பிறகு வந்ததுதானே! 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யக் கற்று, திரும்பி வந்து இங்கே தொடங்கினார்கள். வெளியே போய்த் தொழில் கற்று வந்து ஊருக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழகிய வேலை. இன்றைக்கு அதே பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி, காசில்லாமல் ஆர் கற்கலாம். கூலிக் கணக்கு, சரக்கு இருப்பு, விபத்துப் பதிவு என்று இங்கே எழுதி ஆராய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. சாவியைத் தேர்ந்தெடுக்கும்போது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்: அது தனித்து நிற்க வேண்டும், மேற்கோளுக்குள் இருக்க வேண்டும், ஒரே எழுத்துமுறையில் இருக்க வேண்டும். மதிப்பை எடுக்கும் முன் சாவி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஆர் லிஸ்ட் உங்கள் தவறைச் சுட்டிக்காட்டாது. அந்த வேலையை உங்கள் நிரல்தான் செய்ய வேண்டும்.